மாட்டிலிருந்து கேப்பிடல் வரவில்லையாம்

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நின்றுகொண்டு நான் ஒரு தப்பான தகவலை அடித்துவிட்டேன். சொல்லும்போது அது தப்பென்று தெரியாது. தெரியாமல் சொன்னதைவிட, சொன்ன தோரணைதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மாட்டுத் தரகர். வெள்ளகோவில் பக்கம் தோட்டம். எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. லீவு கிடைத்தால் மாமாவுக்குப் பின்னாலேயே சந்தைக்குப் போய்விடுவேன். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, சும்மா வேடிக்கைதான். அன்றைக்கு ஒரு கறவை மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுவதே தப்பு, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மாமாவின் தோளில் கிடந்த துண்டு இரண்டு பேர் கைக்கும் மேலே விழுந்தது. அதற்கு அடியில் விரலைப் பிடிப்பதும் விடுவதும் மடக்குவதுமாக என்னவோ நடக்கிறது, துணி மட்டும் லேசாக அசைகிறது. மாட்டுக்காரர் மாட்டின் மடியைப் பார்க்கிறார், மாமா எங்கேயோ லாரி நிற்கிற பக்கம் பார்க்கிறார், சுற்றி நிற்கிற நாலு பேருக்கும் ஒன்றும் விளங்காது. துண்டை உதறித் தோளில் போட்டபோது விலை முடிந்திருந்தது. எவ்வளவுக்கு என்று கேட்டதற்கு, “வூட்ல போய்ச் சொல்றன் வா” என்றார்.

டீக்கடையில்தான் ஆரம்பித்தேன். “மாமா, கேப்பிடல், கேப்பிடலிசம்னு எல்லாம் பேசறாங்கல்லங், அதுவே மாட்டுத் தலையில இருந்து வந்த வார்த்தைதானுங். லத்தீன்ல கேப்புட்னா தலை. அந்தக் காலத்துல ஒருத்தன்கிட்ட எத்தனை மாட்டுத் தலை இருக்குதோ அதுதான் அவன் சொத்து. அதை எண்ணி எண்ணித்தான் கேப்பிடல்னு பேரு வந்துச்சு.” மாமாவுக்கு முகமெல்லாம் பல். “அப்ப நாமதான்டா ஒரிஜினல் மொதலாளி!” என்று டீக்கடைக்காரரிடம் திரும்பிச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் பார்த்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வரைக்கும் போய்விட்டது.

அக்கா மகள் கோவையில் பொருளாதாரம் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, “மாமா, நீங்க தலைகீழா சொல்லி வெச்சிருக்கீங்க” என்றாள். உண்மையாகவே தலைகீழ்தான். மாட்டிலிருந்து கேப்பிடல் வரவில்லை. கேப்பிடலிலிருந்துதான் ஆங்கிலத்து மாடே வந்தது.

நடந்தது இதுதான். லத்தீனில் கேப்புட் என்றால் தலை, அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் அந்தத் தலை மாட்டுத் தலை இல்லை, கடன் கொடுத்த பணத்தின் தலை. வட்டி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், அதாவது நாம் வட்டியும் முதலும் என்கிறோமே, அந்த முதல். பழைய லத்தீனிலேயே கேப்புட் என்றால் அசல் தொகை என்று ஒரு பொருள் உண்டு. கிரேக்கத்திலும் கதை அதேதான், தலைக்கு அவர்கள் சொல்கிற கெஃபாலே என்ற சொல்லிலிருந்து வந்த கெஃபாலயோன் என்றால் அசல் தொகை. அவர்களுக்கும் வெகுகாலம் முன்னால் பாபிலோனியாவில் களிமண் பலகையில் கடன் கணக்கு எழுதியவர்கள் அசலைக் கக்கடு என்று எழுதினார்கள், அந்த மொழியில் கக்கடு என்றாலும் தலைதான். ஆக, பணத்துக்குத் தலை முளைத்து மூவாயிரம் வருசத்துக்கு மேல் ஆகிறது.

தலை இருந்தால் குட்டியும் இருக்க வேண்டுமே. இருக்கிறது. கிரேக்கத்தில் வட்டிக்குத் தோகோஸ் என்று பேர், அதற்கு ஈன்ற குட்டி, பெற்ற பிள்ளை என்றும் பொருள். அரிஸ்டாட்டில் இதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பெற்றவரைப் போலவே இருக்கும், பணம் பணத்தையே ஈனுகிறது, சம்பாதிக்கிற வழிகளிலேயே இயற்கைக்கு ரொம்ப விரோதமானது இதுதான் என்று திட்டியிருக்கிறார். “வட்டி குட்டி போட்டுருச்சு” என்று நம் ஊரில் கந்து வட்டிக்கு வாங்கியவன் புலம்புவதும் அதே பேச்சுத்தான். யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டதும் இல்லை. கடன் வாங்கியவனுக்கு எந்த ஊரிலும் இப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

இந்தக் கேப்புட்டிலிருந்து கேப்பிடாலே என்று ஒரு சொல் பிற்கால லத்தீனில் கிளம்பியது. முதலில் அசல் தொகை, அப்புறம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய வியாபாரிகள் கையில் சரக்கு, வியாபாரத்தில் போட்ட பணம், கைவசம் இருக்கிற சொத்து என்று விரிந்தது. அதே சொல் பிரெஞ்சு வாய்க்குள் போய்த் தேய்ந்தது. வடக்கே நார்மாண்டிக்காரர்கள் கடெல் என்றார்கள், பாரிஸ் பக்கத்தவர்கள் சடெல் என்றார்கள், நம்மூரில் ஒரே சொல்லைக் கரூர்க்காரரும் பொள்ளாச்சிக்காரரும் ஆளுக்கொரு விதமாக இழுப்பது போல. 1066-ல் நார்மாண்டிப் படை இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோர்ட்டு, கச்சேரி, வரி எல்லாம் பிரெஞ்சில் நடந்ததால் இரண்டு உச்சரிப்பும் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன. கடெல் என்பதுதான் கேட்டில். ஆரம்பத்தில் அதற்கு அசையும் சொத்து என்றுதான் பொருள், நிலம் நீங்கலாக எது இருந்தாலும் கேட்டில். கிராமத்தான் வீட்டில் அசையும் சொத்து என்று வேறு என்ன இருக்கப்போகிறது, காலோடு அசைகிற சொத்துத்தான். அதனால் பொருள் சுருங்கிச் சுருங்கி உயிருள்ள கால்நடை என்றாகி, குதிரை, ஆடு, பன்றி எல்லாவற்றையும் கொஞ்ச காலம் சுமந்து, கடைசியில் மாட்டோடு நின்றது. சடெல் என்கிற இன்னொரு உச்சரிப்பு வக்கீல்கள் கையில் சிக்கி இன்றைக்கும் அசையும் சொத்து என்ற பழைய பொருளிலேயே பத்திரங்களில் கிடக்கிறது. இதெல்லாம் நடந்து முடிந்து வெகுநாள் கழித்து, 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் கேப்பிடல் என்ற முழுச்சொல் வியாபாரப் பொருளில் ஆங்கிலத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஒரே தாய்க்கு மூன்று கன்று, கடைசிக் கன்றுதான் தாயின் சாயலில் இருக்கிறது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கர்ச்சீப் என்கிறோமே, அதிலும் இந்தத் தலை இருக்கிறது. பழைய பிரெஞ்சில் கூவ்ர்ஷீஃப் என்றால் தலையை மூடுகிற துணி. அதாவது மாமா தோளில் போட்டிருக்கிற துண்டு, வெயிலுக்குத் தலையில் கட்டினால் கர்ச்சீப், சந்தையில் கைமேல் போட்டால் கேப்பிடல் மார்க்கெட்.

சரி, நம் சங்கதிக்கு வருவோம். தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான், ‘கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை.’ நான் ஆறாவதில் இதைப் படித்தபோது, படிப்புத்தான் சொத்து, மற்றதெல்லாம் மாடு கூட இல்லை என்று புரிந்துகொண்டு அப்பாருவிடம், அதாவது அப்பாவின் அப்பாவிடம், போய்ச் சொன்னேன். காங்கேயம் மயிலைக் காளை இரண்டும் ஏர் மாடு இரண்டும் கட்டியிருந்தவர் அவர். “எந்த மடையன் சொன்னான்?” என்றார். வாத்தியார் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஆனால் கேப்பிடலுக்குத் தமிழ் மாட்டையும் பிடிக்கவில்லை, தலையையும் பிடிக்கவில்லை. முதல் என்றது. முதல் என்றால் ஆரம்பம், அடி, மரத்தின் அடிப்பக்கம். இலக்கணத்தில் முதல், சினை என்று சொல்லிக் கொடுத்தார்களே, மரம் முதல், கிளை சினை. அதையே வியாபாரத்தில் வைத்துப் பாருங்கள், போட்ட பணம் முதல், அதிலிருந்து கிளைப்பது லாபம். வடமொழிக்காரரும் மூலதனம் என்று வேரைத்தான் பிடித்தார். லத்தீன்காரர்கள் உச்சியில் பார்த்ததை நாம் அடியில் பார்த்திருக்கிறோம். தலைக்கு இலக்கணப் புத்தகத்தில் வேறு இடம் கொடுத்தோம். ‘தலைக்கு நூறு ரூபாய் கொடு’ என்றால் ஆளுக்கு நூறு, சினையாகுபெயர். ஆங்கிலக்காரன் பெர் கேப்பிட்டா என்பதும் இதே தலைதான், அதை நாம் தனிநபர் வருமானம் என்று மொழிபெயர்த்துத் தலையை வெட்டிவிட்டோம்.

வள்ளுவர் முதல் என்ற சொல்லை இன்றைக்கு ஒரு ஆடிட்டர் எழுதுகிற அதே பொருளில் எழுதியிருக்கிறார். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று ஒரு குறள் தொடங்குகிறது. வரப்போகிற லாபத்தை நம்பிக் கையில் இருக்கிற முதலைத் தொலைக்கிற காரியத்தில் அறிவுள்ளவன் இறங்க மாட்டான் என்று இன்னொன்று, ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை’ என்று ஆரம்பிக்கும். மொதலுக்கே மோசம் என்று நாம் சொல்வது அதேதான். இதில் என்னை உட்கார வைத்தது முதல் இல்லை, ஊதியம். அங்கே ஊதியம் என்றால் லாபம். முதல் போட்டவனுக்குக் கிடைக்கிறது. இன்றைக்கு ஊதியம் என்றால் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கம்பெனியில் டெய்லரும் செக்கிங் அக்காமார்களும் கவரில் வாங்கிப் போவது. லாபத்துக்கு இருந்த சொல் எப்போதோ முதலாளி பக்கத்திலிருந்து தொழிலாளி பக்கம் நகர்ந்துவிட்டது. சொல் மட்டும்தான்.

ஆங்கிலத்தில் தலை வருவதற்கு முன்னால் அவர்களும் மரத்தைத்தான் வைத்திருந்தார்கள். ஸ்டாக் என்றால் அவர்களுடைய சொந்தப் பழஞ்சொல், அடிமரம், மரக்கட்டை. ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய பொருளாதாரப் புத்தகத்தின் இரண்டாம் பகுதிக்குத் தலைப்பே ஸ்டாக்கைப் பற்றித்தான். கேப்பிடலிசம் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது, அவரைத்தான் அதற்குத் தாத்தா என்கிறார்கள். கட்டைக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், இங்கிலாந்து அரசாங்கம் பல நூறு வருசம் கணக்கைக் குச்சியில் வெட்டித்தான் வைத்திருந்தது. குச்சியில் இவ்வளவு பணத்துக்கு இவ்வளவு அகல வெட்டு என்று வெட்டி, நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. பணம் கொடுத்தவன் கையில் போகிற நீளமான பாதிக்கு ஸ்டாக் என்று பேர். பால்காரர் சுவரில் கோடு போடுவதையும், அந்தக் கோட்டை நாம் அழிக்க முடியாதபடி அவர் தன் நோட்டிலும் போட்டுக்கொள்வதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 1826-ல் குச்சிக்கணக்கை நிறுத்தினார்கள். மிச்சம் கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வதென்று தெரியாமல் 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள், அதுவும் வண்டி வண்டியாக. புகைபோக்கி தாங்கவில்லை. அன்று ராத்திரி நாடாளுமன்றமே எரிந்துபோனது. அந்தக் குச்சிகளை ஏழைகளுக்கு விறகுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டடம் இன்னும் நின்றிருக்கும்.

திருப்பூரில் அந்த ஸ்டாக் இன்னொரு அவதாரம் எடுத்தது. எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சியது, தேறாதது, பையர் வேண்டாமென்று தள்ளியது எல்லாம் ஸ்டாக் லாட். காதர்பேட்டையில் போய்ப் பார்த்தால் கடைக்குக் கடை மலை மலையாகக் கிடக்கும். அடிமரத்தில் தொடங்கிய சொல் கழிந்த சரக்கில் வந்து நிற்கிறது.

அக்கா மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது என் பழைய தப்புக்கு ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. மாட்டிலிருந்து கேப்பிடல் வரவில்லை என்றாலும், மாட்டையும் ஆட்டையும் அப்படியே முதலாகப் போட்டு வைத்தவர்கள் நம் ஆட்கள்தான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்க 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டைக் கோயிலில் கட்டுவதில்லை, இடையரிடம் விடுவார்கள். அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ராஜராஜன் தஞ்சாவூரில் இதையே பெரிய அளவில் செய்தான். இதில் அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுக்கிற பட்டம்தான் அட்டகாசம், ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழடும் ஆகாது. நிஜ ஆடு சாகத்தான் செய்யும், மழைக்கும் சாகும், நோயிலும் சாகும். ஆனால் கணக்கில் சாகாது. செத்ததற்குப் பதில் பிறந்த குட்டியைச் சேர்த்து எப்போதும் 96 தலை காட்ட வேண்டும், அந்தப் பொறுப்பு மேய்க்கிறவர் தலையில். முதல் அப்படியே நிற்கும், வட்டி மட்டும் நெய்யாக வந்து விளக்கில் எரியும்.

இதே யோசனை ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது மாடுகளையும் சேர்த்து விட்டு, குத்தகை முடிந்து திரும்பும்போது அதே மதிப்புக்கு மாடு இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள். நடுவில் எது செத்தாலும் குத்தகைக்காரன் பாடு. ஜெர்மன்காரர்கள் இதற்கு இரும்பு மாடு என்று பேர் வைத்து, இரும்பு மாடு சாகவே சாகாது என்று பழமொழியும் சொன்னார்கள். பிரெஞ்சில் இதற்கு இரும்பு ஷெப்டெல். நெப்போலியன் காலத்து 1804 சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஷெப்டெல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள், அதே கேப்பிடாலேதான், நாலாவது கன்று.

என் அம்மாயி, அம்மாவின் அம்மா, இப்படியெல்லாம் கெடுபிடி பண்ணவில்லை. பக்கத்து ஊர்க்காரம்மாவுக்கு இரண்டு வெள்ளாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டிருந்தது. தாய் ஆடு இரண்டும் அம்மாயியுடையது, போடுகிற குட்டியில் பாதிக்குப் பாதி. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த ஆடு, நல்ல குட்டியாகப் போட்டது. ஒரு ஐப்பசி மழையில் ஒரு தாய் ஆடு செத்துப்போய், அந்த அம்மா அழுதுகொண்டே வந்து வாசலில் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாயி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “உசுரு இருக்கறது சாகத்தான செய்யும், நீ அளுகாத உக்காரு, மோரு குடி” என்றது. நஷ்டம் அம்மாயி தலையில். அப்புச்சி பின்னால் ரகளை பண்ணினார், அது வேறு கதை. ஆனால் இப்போது கணக்கு எழுதுகிறவனாக யோசித்தால், கேப்பிடல் என்ற சொல்லில் ஒளிந்திருக்கிற கேள்வி முழுக்க அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது, செத்தால் யார் தலையில்.

கணக்கிலும் அப்படித்தான். பேலன்ஸ் ஷீட்டில் முதலாளி போட்ட கேப்பிடலைச் சொத்துப் பக்கம் எழுத மாட்டோம், பொறுப்புப் பக்கம்தான் எழுதுவோம். புதுசாக வருகிற பையன்கள் எல்லோரும் இதில் குழம்புவார்கள், பணம் போட்டவர் பணத்தை எதற்குக் கடன் மாதிரி காட்டுகிறீர்கள் என்று. கம்பெனி வேறு, முதலாளி வேறு, கம்பெனி அவருக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியதுதான், அதனால் அங்கே. சாவா மூவாப் பேராடு மாதிரி என்று இப்போதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன், பையன்கள் இன்னும் அதிகமாகக் குழம்புகிறார்கள்.

கேப்பிடலிசம் என்ற சொல்லுக்கு வயது ரொம்பக் கம்மி. கேப்பிடலிஸ்ட் என்கிற ஆள் 17ஆம் நூற்றாண்டு டச்சு நாட்டிலேயே பணம் வைத்திருக்கிறவன் என்ற பொருளில் இருந்தான். இசம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1850-ல் லூயி பிளாங்க் என்ற பிரெஞ்சு சோசலிஸ்ட் அதை இன்றைய பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், முதலைச் சிலர் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துவது என்று. ஆங்கிலத்தில் 1854 வாக்கில் தாக்கரே என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு நாவலில் எழுதியிருக்கிறார், கல்கத்தாவில் பிறந்தவர், ஆனால் அவருக்கு அது சும்மா கையில் பணம் இருக்கிற நிலை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லை யார் தலையில் எல்லோரும் கட்டுகிறார்களோ, அந்த மார்க்ஸ் இதை அதிகம் எழுதவேயில்லை. 1867-ல் வந்த அவர் புத்தகம் முழுக்கக் கேப்பிடல், கேப்பிடலிஸ்ட், கேப்பிடலிஸ்ட் உற்பத்தி முறை என்றுதான் போகும். 1902-ல் வெர்னர் சோம்பார்ட் என்ற ஜெர்மன் பேராசிரியர் தன் புத்தகத்துக்கே அதைத் தலைப்பாக வைத்த பிறகுதான் அது படித்தவர்கள் வாயில் சரளமாக வந்தது.

நாம் முதலாளித்துவம் என்று மொழிபெயர்த்தோம். கவனித்துப் பாருங்கள், ஆங்கிலச் சொல்லில் ஆள் இல்லை, முதலோடு நேராக இசம் ஒட்டுகிறது. நம் சொல்லில் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். முதல், அதை ஆள்கிறவர், அவருடைய தன்மை. கடனாளி, பங்காளி, கூட்டாளி, தொழிலாளி எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள். இதனால்தான் தமிழில் முதலாளித்துவம் ஒழிக என்று யாராவது மேடையில் பேசினால், நம் கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் வந்து நிற்கிறார். நான்கூட நேற்றுவரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் கொங்கு நாட்டில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரை முதலாளி என்று சொல்வது என்பதே தகராறு. டீக்கடைக்காரர் முதலாளி, இரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணுகிறவர் முதலாளி, நேற்றுவரை டெய்லராக இருந்தவர் இன்றைக்கு முதலாளி, நாளைக்கு மறுபடி டெய்லர். சோமனூர் பக்கம் இருக்கிற பெரியம்மா மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீட்டில் முன்னால் கட்டுத்தறி இருந்த இடத்தில்தான் இப்போது எட்டு விசைத்தறி ஓடுகிறது. (தறி என்றால் நட்டு வைத்த கம்பம். மாடு கட்டினாலும் தறிதான், நூல் கட்டினாலும் தறிதான். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பதில் அது மாடு கட்டினதா, நெசவுத்தறியா என்று அந்தக் காலத்திலிருந்து சண்டை. எங்கள் அண்ணன் வீட்டில் சண்டைக்கே வழியில்லை, இரண்டும் அதே இடம்.) தறி அண்ணனுடையது, கொட்டகை அண்ணனுடையது, கரண்டுப் பில்லு அண்ணனுடையது. பாவு நூல் கொடுப்பதும் துணியை எடுத்துக்கொண்டு போவதும் வேறு ஆள், அண்ணனுக்கு மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. புத்தகத்துப்படி பார்த்தால் உற்பத்திச் சாதனம் கையில் வைத்திருக்கிறவர், முதலாளி. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திப் போராட்டம் பண்ணுவதும் அவர்தான். கேட்டால், “முட்டுவளி கூட வர்ரதில்லீப்பா” என்பார்.

இந்த முட்டுவளி என்ற சொல்லைத்தான் நான் அக்கா மகளிடம் கொடுத்தேன், இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வாய் என்று. விதை, உரம், உழவு, ஆள்கூலி என்று ஒரு வெள்ளாமைக்குக் கையிலிருந்து இறக்குகிற அத்தனையும் முட்டுவளி. செலவு என்றால் போனது போனதுதான். முதல் என்றால் அப்படியே நிற்பது. முட்டுவளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, மண்ணில் போட்டாயிற்று, அறுப்புக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. அவள் கொஞ்ச நேரம் யோசித்து ஒர்க்கிங் கேப்பிடல் என்றாள். கிட்டத்தட்ட என்றேன். மாமா உள்ளே இருந்தபடியே, “வேலை செய்யாத கேப்பிடல்” என்று திருத்தினார்.

மாமாவுக்கு அந்தக் கோபம் இருக்க நியாயம் உண்டு. மூன்று வருசத்துக்கு முன்னால் கடன் வாங்கி ஒரு ஜெர்ஸி மாடு பிடித்தார். தரகர்தான், நாலு பல்லைப் பார்த்து, மடியைப் பிடித்துப் பார்த்து, ஊருக்கெல்லாம் மாடு பிடித்துக் கொடுக்கிறவர். தனக்கென்று பிடித்தது நிலைக்கவில்லை. கடனோடு சேர்ந்து இன்சூரன்ஸ் போட்டார்கள், காதில் மஞ்சள் வில்லை ஒன்று குத்தினார்கள், ஆதார் மாதிரி 12 இலக்க எண்ணோடு. மாடு செத்தால் அந்த வில்லையைக் காட்டினால்தான் காசு, வில்லை இல்லையென்றால் இல்லை. இந்த மாடு கிளுவை வேலிக்குள் தலையை விட்டு அந்தப் பக்கத்துச் சோளத்தட்டை எட்டப் பார்த்து, காது கிழிந்து, வில்லை எங்கேயோ விழுந்துவிட்டது. புதுசு குத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார், வருகிறோம் வருகிறோம் என்றார்கள், அதற்குள் மாட்டுக்கு மேலெல்லாம் கொப்புளமாக அம்மை போட்டு, பத்தாம் நாள் போய்விட்டது. கிழிந்த காதைக் காட்டினார். காதை வைத்து என்ன செய்வது என்றார்களாம். கடனில் அசல் அப்படியே நின்றது, தலை கலையாமல். மாமா இரண்டு வருசம் தரகுக் காசிலிருந்து கட்டி முடித்தார். சோழர் காலத்து இடையருக்காவது குட்டிகள் இருந்தன.

இந்தத் தையில் வேலி வெட்டும்போது வில்லை கிடைத்தது. கிளுவைக் கிளையில் மாட்டி, பட்டை அதைச் சுற்றிக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் எண் பளிச்சென்று இருக்கிறது. மாமா அதைக் கட்டுத்தறி ஆணியில் மாட்டி வைத்தார். போன வாரம் கோமாரித் தடுப்பூசி போட ஊருக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, மாமா பேரையும் அந்த 12 இலக்க எண்ணையும் வாசித்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மாமா உள்ளே போய் ஆணியிலிருந்து வில்லையை எடுத்து வந்து நீட்டி, “இதுக்கே போட்டுருங்க” என்றார்.